"பலனை எதிர்பாராதே" என்றால் பலனைப் பார்க்காதே என்றா பொருள்?

"கடமையைச் செய், பலனை எதிர்பாராதே" என்பது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் காதில் விழுகிறது. ஒன்று, தோற்றுப்போனவரைத் தேற்றும்போது. இன்னொன்று, கூலி கொடுக்காமல் வேலை வாங்க நினைப்பவர் பேசும்போது. முன்னவர் அதை ஆறுதலாக்குகிறார், பின்னவர் வசதியாக்கிக்கொள்கிறார். அந்த வாக்கியம் உண்மையில் என்ன சொல்ல வந்தது என்பது இருவருக்கும் நடுவில் தொலைந்துபோகிறது.

கீதையின் 2ஆம் அத்தியாயம், 47ஆம் சுலோகம்தான் இதற்கு மூலம். அதில் நான்கு பாதங்கள். செயலில்தான் உனக்கு அதிகாரம். பலன்களில் ஒருபோதும் இல்லை. பலனுக்காகவே செயல்படுபவனாக ஆகிவிடாதே. சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே. நாம் வழக்கில் சொல்வது இதன் சுருக்கம். சுருக்கியதில் நான்காவது பாதம் அப்படியே உதிர்ந்துவிட்டது, "அதிகாரம்" என்ற முக்கியமான சொல்லும் உதிர்ந்துவிட்டது. எது உன் கையில் இருக்கிறது, எது இல்லை என்ற கணக்கைத்தான் அந்தச் சுலோகம் போடுகிறது.

திருக்குறள் இன்னும் வெளிப்படை. "முடிவும் இடையூறும் முற்றியாங்கு எய்தும் படுபயனும் பார்த்துச் செயல்" (676). எப்படி முடியும், நடுவில் என்ன தடை வரும், முடிந்தால் கிடைக்கப்போவது என்ன என்று பார்த்துவிட்டுத்தான் இறங்கச் சொல்கிறது. அப்படியானால் பலனைப் பார்க்க வேண்டுமா, கூடாதா? எப்போது பார்ப்பது, எதற்காகப் பார்ப்பது என்று கேள்வியை மாற்றிக் கேட்டால் முடிச்சு அவிழும்.

வில்லை விட்டுப் போன அம்பு

கிரேக்க, ரோமானிய ஸ்டோயிக் தத்துவவாதிகள் இதற்கு வில்லாளியை உதாரணம் காட்டினார்கள். பொ.ஆ.மு. 45இல் ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதிய நூலில் அந்த உதாரணம் வருகிறது. கால் ஊன்றும் இடம், வில்லைப் பிடிக்கும் பிடி, நாணை இழுக்கும் அளவு, மூச்சை நிறுத்தும் கணம், விரலை விடும் விதம், எல்லாம் வில்லாளி கையில். அம்பு விரலை விட்டபின் காற்று வீசுவதோ இலக்கு நகர்வதோ அவர் கையில் இல்லை. குறியில் பட வேண்டும் என்றுதான் எய்கிறார். ஆனால் நல்ல வில்லாளியா என்பது, அம்பு கையை விடும் முன்பே முடிவாகிவிடுகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியே இல்லாமல் யாராலும் சரியாக நாணை இழுக்க முடியாது. எவ்வளவு இழுப்பது, எங்கே உயர்த்துவது என்பதைக் குறிதான் சொல்கிறது. "எனக்குப் பலன் முக்கியமில்லை" என்று சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்து எய்பவருக்கு இந்தத் தத்துவம் பொருந்தாது.

இதையே எண்களில் பார்க்கலாம். நூறு பேர் வேலை தேடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே தகுதி. ஒவ்வொரு விண்ணப்பமும் பலிக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு. ஆளுக்கு 10 விண்ணப்பம் அனுப்பினால் சுமார் 35 பேருக்கு ஒன்றுமே அமையாது. ஆளுக்கு 20 அனுப்பினால் அப்படி வெறுங்கையோடு நிற்பவர்கள் சுமார் 12 பேர். உழைப்பு இரண்டு மடங்கானதும் 35 என்பது 12 ஆகிவிட்டது. பெரிய மாற்றம்தான். ஆனால் பூஜ்யமாகவில்லை. அந்த 12 பேரும் மற்ற 88 பேர் செய்த அதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களிடம் போய் "இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாம்" என்று சொல்பவருக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

அப்படிச் சொல்லவைக்கும் பழக்கத்துக்கு உளவியலில் "விளைவுச் சாய்வு" என்று பெயர் சொல்லலாம்: முடிவு நல்லதாக இருந்தால் எடுத்த தீர்மானத்தையும் நல்லது என்றும், கெட்டதாக இருந்தால் தீர்மானமே தவறு என்றும் மதிப்பிடுவது. ஜொனதன் பேரன், ஜான் ஹெர்ஷி ஆகிய இருவரும் 1988இல் இதைச் சோதித்தார்கள். ஒரே அறுவை சிகிச்சை முடிவு, ஒரே தகவல்கள். நோயாளி பிழைத்தார் என்று படித்தவர்கள் மருத்துவரின் முடிவுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தார்கள், இறந்தார் என்று படித்தவர்கள் குறைத்துக் கொடுத்தார்கள். முடிவெடுக்கும் நேரத்தில் மருத்துவருக்குத் தெரிந்தது இரண்டிலும் ஒன்றுதான்.

முயலைக் கொன்ற அம்பை விட யானைக்குக் குறி தப்பிய வேல் ஒன்றை ஏந்துவது இனிது என்கிறது 772ஆம் குறள். விளைவுச் சாய்வுக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.

இதுவரை பார்த்தது: உழைப்பு வாய்ப்பைக் கூட்டும், உத்தரவாதம் தராது. அதனால் முடிவை மட்டும் வைத்து உழைப்பை எடைபோட்டால் எடை தப்பும்.

பலன் செய்யும் மூன்று வேலைகள்

ஒரு பலன் நம் வாழ்க்கையில் மூன்று வேலை பார்க்கிறது. முதல் வேலை திசை காட்டுவது: எங்கே போகிறோம் என்று சொல்கிறது. இரண்டாவது தகவல் தருவது: போன வழி சரியா என்று சொல்கிறது. மூன்றாவது தீர்ப்புச் சொல்வது: நீ தேறியவனா, உதவாதவனா, செலவிட்ட இத்தனை மாதமும் வீணா என்று.

முதல் இரண்டும் தேவையான வேலைகள். கைவிட வேண்டியது மூன்றாவதை மட்டும்தான். சிக்கல் என்னவென்றால் மூன்றும் ஒரே தாளில் வந்து சேர்கின்றன. தேர்வில் 42 மதிப்பெண் என்றால், "மூன்றாம் பாடத்தில் கணக்குகள் வரவில்லை" என்ற தகவலும் "நீ இதற்கு லாயக்கில்லை" என்ற தீர்ப்பும் அதே 42இல்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தீர்ப்பு சுடுவதால் பலர் தாளையே பார்க்காமல் மடித்து வைத்துவிடுவார்கள். தகவலும் அதோடு போய்விடும். பலனில் மிக அதிகமாகப் பற்று வைத்தவரே பலனைப் பார்க்கப் பயப்படுவார் என்பது இதில் உள்ள வேடிக்கை.

வெற்றியின் இனிப்பு ஏன் சீக்கிரம் கரைகிறது

தீர்ப்பைப் பலனிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் மூளைக்குள் இருக்கிறது. மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். அதை விளக்கும் புகழ்பெற்ற கட்டுரை 1997இல் வந்தது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகியபின் துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சொன்னபடி சாறு வந்தபோது கூடுதல் துடிப்பு ஏதும் இல்லை. சொன்ன நேரத்தில் சாறு வராவிட்டால் துடிப்பு வழக்கத்தை விடக் கீழே இறங்கியது.

எளிமையாகச் சொன்னால், இந்தச் செல்கள் கிடைத்ததை அளப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை அளக்கின்றன. ஓராண்டாக மனதில் ஓட்டிப் பார்த்த வெற்றி நிஜத்தில் வரும்போது வித்தியாசம் சொற்பம். வராவிட்டால் பள்ளம் பெரிது. அறிவிப்பு வந்த அன்று மாலையே "இவ்வளவுதானா" என்று தோன்றுவது நன்றிகெட்டதனம் அன்று, அந்தக் கருவி வேலை செய்யும் விதமே அப்படி.

உழைப்பில் அர்த்தம் எங்கிருந்து வருகிறது

உழைத்தாலே அர்த்தம் வந்துவிடுமா? வராது. இதைக் காட்டும் சோதனை ஒன்று 2008இல் வெளியானது. டான் ஏரியலி, எமிர் கமெனிட்ஸா, டிராசன் ப்ரெலெக் மூவரும் செய்தது. கல்லூரி மாணவர்கள் லெகோ துண்டுகளால் சிறு பொம்மை கட்ட வேண்டும். முதல் பொம்மைக்கு 2 டாலர், அடுத்தடுத்த ஒவ்வொன்றுக்கும் 11 சென்ட் குறையும். வேண்டாம் என்று தோன்றும்போது நிறுத்தலாம். ஒரு குழுவினர் கட்டி முடித்த பொம்மைகள் அவர்கள் கண் முன்னே மேசையில் வரிசையாக நின்றன. இன்னொரு குழுவினருக்கு, அடுத்த பொம்மையைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே முந்தையதைப் பிரித்து, அதே துண்டுகளை மறுபடி கையில் கொடுத்தார்கள். கூலி ஒன்றே, வேலை ஒன்றே. முதல் குழு சராசரியாக 10.6 பொம்மை கட்டியது. இரண்டாவது குழு 7.2இல் எழுந்து போய்விட்டது.

அந்தப் பொம்மைகளால் யாருக்கும் பயன் இல்லை. மேசையில் நின்றவையும் பிறகு பிரிக்கப்படத்தான் போகின்றன. ஆனாலும் கண்ணெதிரே ஒரு தடம் நின்றதா இல்லையா என்பதே மூன்று பொம்மைக்கு மேல் வித்தியாசம் செய்தது. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோச்சன், ஏரியலி மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதே பக்கம் கை காட்டுகிறது. தன் கையால் செய்த பொருளை மக்கள் கூடுதல் விலைக்கு மதித்தார்கள். ஆனால் செய்து முடித்திருந்தால் மட்டும். பாதியில் நின்றதும், முடித்தபின் கலைத்ததும் அந்தக் கூடுதல் மதிப்பைப் பெறவில்லை.

ஆகவே உழைப்பு அர்த்தம் தரச் சில நிபந்தனைகள் உண்டு. அது எங்கோ போய்ச் சேர வேண்டும். தடம் தெரிய வேண்டும். ஓரளவாவது நாமே தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். நம் திறனைக் கொஞ்சம் தாண்டியதாக இருக்க வேண்டும். தூங்கிக்கொண்டே செய்யக்கூடியதிலும் ஒன்றுமே புரியாததிலும் மனம் ஒட்டாது.

நான்கில் தடம்தான் தலையாயது. பரிசு கிடைக்காவிட்டாலும் அழியாத தடம் ஒன்று உண்டு: உழைத்தவருக்குள் சேரும் திறமை. "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" (619) என்ற குறளில் வரும் "கூலி"யை நான் அப்படித்தான் படிக்கிறேன். நினைத்தது கிட்டாமல் போகலாம், உடம்பு வருந்தியதற்குரியது தனியாக வந்து சேரும்.

சுருக்கமாக: தடமில்லாத உழைப்பு சலிப்பைத்தான் தரும். "முயற்சியில் அர்த்தம்" என்பது தடம் தெரியும்படி உழைப்பதைக் குறிக்கிறது.

களைப்புக்குப் பெயர் உழைப்பு அன்று

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. மணிக்கணக்கையும் களைப்பையும் உழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மாணவர்கள். ஒருவர் மூன்று மணி நேரம் புத்தகத்தைத் திறந்து வைத்து, தீர்த்து வைத்த கணக்குகளைப் படிக்கிறார், மஞ்சள் பேனாவால் கோடு போடுகிறார். ஒவ்வொரு படியும் புரிகிறது. கழுத்து வலிக்கிறது. இன்னொருவர் புத்தகத்தை மூடிவிட்டு முக்கால் மணி நேரத்தில் பத்துக் கணக்கு போடுகிறார். ஆறு தப்பு. தப்பான ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்த வரியில் சறுக்கினோம் என்று எழுதுகிறார். அன்றிரவு முதலாமவர் திருப்தியாகத் தூங்குவார், இரண்டாமவர் கடுப்போடு தூங்குவார்.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006இல் இதுபோல ஒன்றைச் சோதித்தார்கள். ஒரு பத்தியை நான்கு சுற்றுகள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரம் கழித்து 40 சதவீதம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு சுற்று படித்து, பிறகு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 61 சதவீதம். தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னவர்கள் யார் தெரியுமா? திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

உழைப்பு நடந்ததா என்று உடல் சொல்வதை நம்ப முடியாது என்பதற்கு இது போதும். இந்தக் கட்டுரையில் உழைப்பு என்று வரும் இடமெல்லாம் இப்படிப் பொருள்கொள்ளுங்கள்: கையில் இருப்பதில், பலனைக் கூட்டும் என்று நம்பக் காரணம் உள்ள ஒன்றை, கவனத்தோடு செய்வது.

செய்யும் முறை

விளையாட்டு உளவியலில் இலக்குகளை மூன்றாகப் பிரிப்பார்கள். முடிவு இலக்கு என்பது பிறரையும் சூழலையும் சார்ந்தது: முதல் நூறு பேரில் வருவது. திறன் இலக்கு நம்மை நம்மோடு ஒப்பிடுவது: மாதிரித் தேர்வில் 55இலிருந்து 70க்கு வருவது. செயல் இலக்கு முழுக்க நம் கையில் இருப்பது: தினமும் புத்தகத்தை மூடி வைத்துப் பத்துக் கணக்கு, தப்பானவற்றை இரண்டு நாள் கழித்து மறுபடி. விளையாட்டு வீரர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் செயல் இலக்குதான் ஆட்டத்தை அதிகம் உயர்த்துகிறது, முடிவு இலக்கு மட்டும் வைத்தால் பெரிதாக ஒன்றும் நகர்வதில்லை.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே முடிவு இலக்கை ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே ஒரே ஒரு திறன் இலக்கு, நான்கு வாரத்துக்கு. அதற்கும் கீழே செயல் இலக்கு இரண்டு, அதிகம் போனால் மூன்று. ஐந்து எழுதினால் இரண்டாம் வாரமே தாள் காணாமல் போகும். செயல் இலக்கை எழுதும்போது எப்போது, எங்கே, எவ்வளவு என்பது அதற்குள் இருக்க வேண்டும். "நன்றாகப் பயிற்சி செய்வேன்" என்பதைச் செய்தோமா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. "காலை 6 மணிக்கு, சாப்பாட்டு மேசையில், மூடிய புத்தகம், பத்துக் கணக்கு" என்பதைச் சொல்லலாம்.

எழுதி முடித்ததும் மேலே உள்ள முதல் வரியை மடித்துவிடுங்கள். நிஜமாகவே தாளை மடியுங்கள். திசை காட்டும் அதன் வேலை முடிந்தது. நான்கு வாரம் கழித்துப் பிரித்தால் போதும். அன்றன்று பார்க்க வேண்டியது செயல் இலக்கு. வாரம் ஒருமுறை, பத்து நிமிடம், திறன் இலக்கு.

இனி வருவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், செய்பவர்களோ மிகக் குறைவு. தேர்வு முடிந்து முடிவு வரும் முன்பு, நேர்காணல் முடிந்து பதில் வரும் முன்பு, நான்கு வரி எழுதிவிடுங்கள். என் கையில் இருந்தது என்ன? அதில் எதைச் செய்தேன், எதை விட்டேன்? கையில் இல்லாதது என்ன? அடுத்த முறை எதை மாற்றுவேன்? தேதி போட்டு மூடி வையுங்கள். முடிவு தெரிந்தபின் எழுதினால் விளைவுச் சாய்வு பேனாவைப் பிடித்துக்கொள்ளும். தோற்றால் எல்லாமே தப்பாகத் தெரியும், ஜெயித்தால் எல்லாமே சரியாகத் தெரியும்.

எங்கே கெட்டுப்போகும்

செயல் இலக்கே புதிய பலனாக மாறிவிடுவது முதல் கேடு. 63 நாள் விடாமல் செய்தேன் என்ற எண் பெருமையாகி, 64ஆம் நாள் காய்ச்சலில் விட்டதும் மொத்தமும் போனது போல் ஆகிவிடும். ஏழு நாளில் ஐந்து என்று தொடக்கத்திலேயே எழுதினால் இந்த வலை இல்லை.

அடுத்தது, உழைப்பைச் சாக்காக்குவது. "என்னால் முடிந்ததைச் செய்தேன்" என்று ஆறு மாதமாகச் சொல்பவரின் திறன் இலக்கு இம்மியும் நகரவில்லை என்றால், செயல் இலக்கு தவறு. திறமை வளரவில்லை என்பது பலன் தரும் தகவல். அதை மதித்து முறையை மாற்ற வேண்டும். நான்கு வாரத்தில் நகராவிட்டால் ஒன்றை மாற்று, மூன்று முறை மாற்றியும் நகராவிட்டால் அந்த வேலை நன்கு தெரிந்த ஒருவரிடம் கேள் அல்லது நிறுத்து என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளலாம். நிறுத்துவது உழைப்புக்கு எதிரானது இல்லை. வேறு குறியைத் தேர்ந்தெடுப்பதும் வில்லாளியின் கையில் உள்ளதுதான்.

பிள்ளைகளிடம் இது வேறு மாதிரி கெடும். கிளாடியா ம்யூல்லர், கேரல் ட்வெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்து வந்த கடினமான புதிரில் தோற்றதும் சீக்கிரம் தளர்ந்தார்கள், "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். இந்தத் துறையின் பிற்கால ஆய்வுகளில் இந்தத் தாக்கம் முதலில் நினைத்த அளவுக்குப் பெரிதாக வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தோற்ற பிள்ளையிடம் வெறுமனே "முயற்சி செய்தாயே, போதும்" என்றால் அதன் காதில் "உன்னால் இவ்வளவுதான்" என்றுதான் விழும். "இரண்டாவது வழியை முயன்று பார்த்தாயே, அது நல்ல யோசனை, எந்த இடத்தில் நின்றது?" என்று கேட்டால் பேச்சு தொடரும்.

இன்னொன்று, ஆரம்பத்தில் சொன்ன அந்த இரண்டாவது ஆள். கூலி வேறு, பலன் வேறு. வேலைக்குரிய சம்பளம் ஒப்பந்தம். அது காற்றையும் அதிர்ஷ்டத்தையும் சார்ந்ததாக இருக்கக் கூடாது. "பலனை எதிர்பாராதே" என்று சொல்லி அதை யாராவது தள்ளிப்போட்டால் அவருக்குச் சுலோகத்தின் மூன்றாவது பாதத்தைப் படித்துக் காட்டுங்கள். பலனிலேயே குறியாக இருப்பவர் யார் என்று அவருக்கே தெரியவரும்.

ஜெயித்த நாளில்

தோற்றவர்கள் அந்த நான்கு வரித் தாளைத் தேடி எடுத்துப் பிரிப்பார்கள். ஜெயித்தவர்கள் பிரிப்பதே இல்லை. நல்ல முடிவு வந்த நாளில் "கையில் இல்லாதது என்ன" என்ற மூன்றாவது வரியைப் படித்துப் பாருங்கள். கேள்வித்தாளில் தெரிந்த பாடத்திலிருந்து இரண்டு கணக்கு கூடுதலாக வந்தது, போட்டிக்கு வர வேண்டியவர் வரவில்லை, நேர்காணல் எடுத்தவர் நல்ல மனநிலையில் இருந்தார் என்று முடிவு தெரியும் முன்பே நீங்களே எழுதியிருப்பீர்கள். "விட்டது" என்று எழுதிய வேலையும் அங்கேயே இருக்கும், இன்னும் செய்யப்படாமல். அடுத்த நான்கு வாரத்தின் செயல் இலக்கை அந்த வரியிலிருந்து எடுக்கலாம்.